42 லட்சம்னாங்க, 60 ஆச்சு: எங்க காலேஜ் ஃபுட்பால் கிரவுண்டை புதுப்பிச்ச கான்ட்ராக்டர் பத்தி ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேரும் போட மாட்டேன், காலேஜ் பேரும் போட மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்து கேட்காதீங்க. ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல ஒரு பிரைவேட் காலேஜ், கீழ கோயமுத்தூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கிரவுண்டு கம்பெனி, இவ்வளவு தெரிஞ்சா போதும். நான் அங்க படிச்சவன், லெஃப்ட் பேக் ஆடினவன், இப்ப ஒரு டீ ஃபேக்டரியில கணக்கு பாக்கறேன், பழைய மாணவர் சங்கம் மூலமா இந்த கிரவுண்டுக்கு பணம் போட்டவங்கள்ல ஒருத்தன். மலையில ஸ்கூலோ காலேஜோ ஹட்டி (படுகர் ஊரு) ஸ்போர்ட்ஸ் கிளப்போ கிரவுண்டு போடலாம்னு யோசிச்சிட்டு இருந்தா அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன், மத்தவங்க ஸ்டாரை மட்டும் பாத்துட்டு போயிடலாம்.

கண்ணுக்கு தெரியற வேலைக்கு 5க்கு 4. மண்ணுக்குள்ள போன வேலைக்கு 5க்கு 1, அந்த ஒண்ணும் வேலை பாத்த பசங்களுக்காக.

கிரவுண்டு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். மலையை வெட்டி எடுத்த இடம், மேல் பக்கம் கல்லுப்படி கேலரி, கீழ் பக்கம் தடுப்புச்சுவர், அதுக்குக் கீழ தேயிலை. 100 மீட்டர் நீளம் 60 மீட்டர் அகலம். ஃபிஃபா சொல்ற 105க்கு 68 இல்ல, ஆனா ரூல்படி நீளம் 90ல இருந்து 120, அகலம் 45ல இருந்து 90 வரைக்கும் இருக்கலாங்கறதால மேட்ச் நடத்த ஒரு பிரச்சனையும் இல்ல. பிரச்சனை எல்லாம் தண்ணிதான். கோத்தகிரி சைடுக்கு தென்மேற்கு மழையை விட ஐப்பசி கார்த்திகை மழைதான் ஜாஸ்தி, அந்த ரெண்டு மாசம் வடக்கு கோல் பக்கம் நாத்து நடலாம். மேல இருந்து ஊத்து வேற கசியும். 2009 நவம்பர்ல நீலகிரி முழுக்க மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனாங்களே, அந்த மழையில எங்க தடுப்புச்சுவர்ல ஒரு மூலை பிதுங்கிடுச்சு, அதுக்கப்புறம் சிமெண்ட் பூசி பூசி ஓட்டிட்டு இருந்தாங்க.

சரி, பணத்துக்கு வரேன்.

கம்பெனி குடுத்த கொட்டேஷன் 42 லட்சம். அடியில வடிகால் பைப்புக்கு 6, மணலுக்கு 16.8, புல்லுக்கு 7, கேலரி ரிப்பேர் கூரை ஷீட் எல்லாம் 8, கோல்போஸ்ட் வலை மார்க்கிங் இதர செலவுன்னு 4.2. பழைய மாணவர் கூட்டத்துல ப்ரொஜெக்டர் போட்டு காட்டினது இந்த 42தான், எல்லாரும் கை தட்டினோம். கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல ஜிஎஸ்டி தனின்னு இருந்துச்சு. ஒர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு 18 சதவீதம், அப்ப 42ங்கறது கையெழுத்து போடுற அன்னிக்கே 49 லட்சத்து 56 ஆயிரம். இது ஏமாத்து வேலைன்னு சொல்லல, கொட்டேஷன்ல எழுதித்தான் இருக்கு, ஆனா ப்ரொஜெக்டர்ல வரல.

அப்புறம் எக்ஸ்ட்ரா ஐட்டம். மொத்தம் எட்டரை லட்சம். இதுல பாறை உடைச்சதுக்கு 3 லட்சம், இது நியாயம், தோண்டறப்ப தெற்கு கோல் பக்கம் பெரிய பாறை இருந்துச்சு, நானே பாத்தேன். முதல்லயே நாலு இடத்துல குழி போட்டு பாத்திருந்தா எஸ்டிமேட்லயே வந்திருக்கும், ஆனா அது கம்பெனி தப்பு மட்டும் இல்ல. கேலரியில கைப்பிடி 1.2 லட்சம், பி.டி. சார் கேட்டு வாங்கினது, அதுவும் சரி. மிச்சம் ரெண்டுதான் எனக்கு இன்னிக்கும் ஜீரணம் ஆகல. ஒண்ணு, மெஷினுக்கு பதிலா ஆள் வெச்சு தோண்டினதுக்கு 2.5 லட்சம். நீலகிரியில ஜேசிபி பொக்லைன் இறக்கணும்னா கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேணும்னு இங்க டீக்கடையில உக்காந்திருக்கற தாத்தாவுக்கே தெரியும், மலையில வேலை எடுக்கற கம்பெனிக்கு தெரியாதா, அனுமதி லேட் ஆச்சு அதனால ஆள் போட்டோம்னு பில்லு. இன்னொண்ணு காட் ரோடு வண்டி வாடகைன்னு 1.8 லட்சம். ஏப்ரல் மே சீசன்ல குன்னூர் வழியா ஏத்தம் கோத்தகிரி வழியா இறக்கம்னு ஒன்வே ஆக்கிடுவாங்க, பகல்ல லாரி விட மாட்டாங்க, வருஷா வருஷம் நடக்கறதுதான, அதுவும் கொட்டேஷன்ல சைட்ல இறக்கித் தர ரேட்டுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. சைட்டு மேட்டுப்பாளையத்துலயா இருக்கு?

ஆக 42ம் எட்டரையும் 50.5, ஜிஎஸ்டி சேர்த்தா 59 லட்சத்து 59 ஆயிரம். 60னு வெச்சுக்கங்க.

கூடுதல் செலவு ஆனதுக்காக மட்டும் நான் ரிவ்யூ எழுத வரல. எந்த கட்டட வேலையும் சொன்ன காசுல முடியாது, அது வீடு கட்டின எல்லாருக்கும் தெரியும். எழுத வெச்சது மணல்.

கிரவுண்டுல புல்லுக்கு கீழ 100 மில்லிமீட்டர் மணல் படுக்கை போடணும்னு எஸ்டிமேட். நல்ல விஷயம்தான், நம்ம செம்மண்ணு களி மாதிரி, தண்ணியை கீழ விடாது, மேல மணல் இருந்தாத்தான் மழைத்தண்ணி இறங்கி அடியில இருக்கற பைப்புக்கு போகும். 6000 சதுர மீட்டர், 10 சென்டி கனம், அப்ப 600 கன மீட்டர். லாரிக்காரங்க யூனிட்ல பேசுவாங்க, ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 600ஐ வகுத்தா 212 யூனிட். எங்க ரோட்டுக்கு பெரிய லாரி வராது, வந்ததெல்லாம் 3 யூனிட் டிப்பர். அப்ப 71 லோடு வந்திருக்கணும்.

எங்க வாட்ச்மேன் அண்ணன் இருக்காரே, அவருக்கு ஒரு பழக்கம், கேட்டுக்குள்ள எந்த வண்டி வந்தாலும் நம்பரை ஒரு நோட்டுல எழுதிடுவாரு. யாரும் எழுத சொல்லல. முன்னாடி எஸ்டேட்ல செக்போஸ்ட்ல இருந்தவரு, கை சும்மா இருக்காது. ஒரு நாள் டீ குடிச்சிட்டு இருக்கறப்ப எத்தனை லோடு மணல் வந்துச்சுண்ணான்னு சும்மாதான் கேட்டேன். நோட்டை எடுத்து விரல்ல எச்சி தொட்டு புரட்டி, தேதி வண்டி நம்பர் டிரைவர் பேரோட எண்ணி சொன்னாரு, 41. ராத்திரி வந்ததும் சேர்த்தாண்ணான்னு கேட்டேன், "ராத்திரி கேட்டு சாவி யார்கிட்ட தம்பி இருக்கு"ன்னாரு.

41 லோடுன்னா 123 யூனிட், 348 கன மீட்டர். 6000 சதுர மீட்டர்ல பரப்பினா 6 சென்டி கூட வராது. பில்லு முழு 600க்கும் போட்டு, காலேஜ் பணமும் குடுத்தாச்சு. ஒரு கன மீட்டருக்கு 2,800 ரூபா ரேட்டு. குறைஞ்சது 252 கன மீட்டர். கணக்கு போட்டுக்கங்க, 7 லட்சத்துக்கு மேல.

நோட்டை மட்டும் வெச்சு ஒருத்தர் மேல பழி போடக்கூடாதுன்னு பி.டி. சார் சொன்னாரு, சரியான பேச்சு. அவரே ஒரு கடப்பாரையும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துட்டு வந்தாரு. புல்லை சதுரமா வெட்டி எடுத்து, மணல் முடிஞ்சு செம்மண்ணு ஆரம்பிக்கற கோடு வரைக்கும் தோண்டி அளந்தோம். அந்த கோடு நல்லா தெரியும், மேல சாம்பல் கலர்ல எம்-சாண்ட், கீழ சட்டுனு சிவப்பு. சென்டர் சர்க்கிள் பக்கம் 6 சென்டி. வடக்கு பெனால்டி ஸ்பாட்ல ஐந்தரை. கீழ் பக்க டச்லைன்ல 4. கேலரிக்கு முன்னாடி, கரஸ்பாண்டன்ட் வந்தா நின்னு பாக்கற இடத்துல மட்டும் கரெக்டா 10, ஸ்கேல் வெச்ச மாதிரி. பி.டி. சார் சிரிச்சிட்டாரு, எனக்கு சிரிப்பு வரல.

கம்பெனிகிட்ட கேட்டப்ப சைட் சூப்பர்வைசர் சொன்ன பதில், மழையில மணல் அமுங்கிடுச்சு சார், போட்டப்ப 10 இருந்துச்சு. இதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மணல் அமுங்கும்தான். ஆனா எஸ்டிமேட்ல எழுதியிருக்கறது அமுக்கின பிறகு 100 மில்லிமீட்டர்னு. அப்ப அமுங்கும்னு தெரிஞ்சு 71க்கு மேலதான லோடு வரணும், கம்மியா எப்படி வரும். இன்னொரு விஷயம், ஈர மணல் லாரியில ஊதித் தெரியும், ஈரப்பதத்தை பொறுத்து நாலுல ஒரு பங்கு வரைக்கும் கூட அளவு கூடும். எங்க ஃபேக்டரியில மழை நாள்ல வர பச்சை இலைக்கு தண்ணி எடைன்னு கழிவு போடாம எந்த ஏஜெண்டையும் விட மாட்டோம், அந்த மாதிரிதான் இதுவும், வந்த 41 லோடுலயும் கழிவு போட வேண்டியது இருக்கு. நான் போடல. போட்டா இன்னும் வயிறு எரியும்.

பைப்பு கதை சுருக்கமா. நடுவுல மெயின் பைப்பு, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை பைப்பு, ஓட்டை போட்ட 110 மில்லிமீட்டர் பிவிசி, சுத்தி ஜியோடெக்ஸ்டைல் துணி, அதை சுத்தி ஜல்லி, இதான் ப்ளான். துணி எதுக்குன்னா மண்ணு உள்ள போகாம தண்ணி மட்டும் போகறதுக்கு. ஐப்பசி மழையில ஒரு நாள் நல்லா ஊத்தி நின்ன பிறகு வடக்கு கோல் பக்கம் பழையபடி தேங்கி நின்னுச்சு, கீழ தடுப்புச்சுவர்ல இருக்கற அவுட்லெட்டுக்கு போய் பாத்தா குழந்தை ஒண்ணுக்கு போற அளவுக்குத்தான் தண்ணி. மேல குளம், கீழ சொட்டு. அந்த கிளை பைப்பை ஒரு இடத்துல தோண்டினோம். துணி இல்ல. பைப்புக்குள்ள செம்மண்ணு, குச்சி விட்டு நோண்டினா கட்டியா வருது. பக்கத்து கிளையில துணி இருந்துச்சு, அது நல்லா வேலை செய்யுது. அப்ப துணி வாங்கியிருக்காங்க, எல்லா இடத்துக்கும் பத்தல, இல்ல பத்தற அளவு வாங்கல. பாதி இடத்துல சரியா செஞ்சிருக்கறதுதான் எனக்கு கோபம், தெரியாம செஞ்சாங்கன்னு கூட சொல்ல வழியில்ல.

தோண்டின பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களான்னு கேட்டா, வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சுன்னாங்க. போட்டோவை வாங்கி பாத்தேன். எல்லா போட்டோவுலயும் பின்னாடி அதே சில்வர் ஓக் மரம்.

இப்ப எங்க கமிட்டி பத்தி. கம்பெனியை மட்டும் திட்டிட்டு போனா அது நேர்மை இல்ல. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரிட்டயர்டு பொதுப்பணித்துறை இன்ஜினியரை வெச்சு மேற்பார்வை பாக்கலாம்னு பேச்சு வந்துச்சு, அவரு ஒன்றரை சதவீதம் கேட்டாரு, 63 ஆயிரம் ரூபா. நான் வேணும்னு சொன்னேன், பி.டி. சாரும் சொன்னாரு. "நம்ம பசங்க இத்தனை பேரு இருக்கோம், நாமளே பாத்துக்க மாட்டோமா, அந்த காசுக்கு ஜெர்ஸி எடுக்கலாம்"னு முடிச்சுட்டாங்க. பாத்துக்கறோம்னு சொன்னவங்கள்ல பாதி பேரு பெங்களூர்ல, மிச்சம் பேரு துபாய்ல. பணம் குடுத்த விதமும் அப்படித்தான், அட்வான்ஸ் 30 சதவீதம், வடிகால் முடிஞ்சா 30, மணல் முடிஞ்சா 20, எல்லாம் முடிஞ்சா 15, மிச்சம் 5 சதவீதம் ஒரு வருஷம் நிறுத்தி வைக்கறது. "முடிஞ்சா"ன்னா யாரு பாத்து முடிஞ்சுதுன்னு சொல்றது? கம்பெனியே சொல்லும், கம்பெனியே போட்டோ அனுப்பும், ஆபீஸ்ல செக் போடுவாங்க.

அரசாங்க வேலையை நாம கிண்டல் பண்ணுவோம், ஆனா அங்க எம்-புக்னு ஒண்ணு இருக்கு. மூடறதுக்கு முன்னாடி நீளம் அகலம் ஆழம் அளந்து அதுல ஏத்தணும், கீழ ஒரு இன்ஜினியர் கையெழுத்து, மேல ஒருத்தர் வந்து கொஞ்சத்தை மறுபடி அளந்து பாக்கணும், எம்-புக்ல ஏறாத வேலைக்கு பில்லு பாஸ் ஆகாது. டெண்டருக்கு 1998 சட்டம் இருக்கு. அதையும் மீறி திருட்டு நடக்குதுன்னு சொல்லுவீங்க, நடக்குதுதான், ஆனா கேக்கறதுக்கு ஒரு புக்காவது இருக்கும், ஆர்டிஐ போட்டு 10 ரூபா கட்டி காப்பி கேக்கலாம். நம்மது பிரைவேட் காலேஜ், கமிட்டியா பாத்து காட்டினாத்தான் உண்டு. எங்ககிட்ட இருந்த ஒரே எம்-புக் வாட்ச்மேன் அண்ணன் நோட்டுதான்.

கூட்டத்துல ஒருத்தரு, அமெரிக்காவுல இருக்கறவரு, அங்கெல்லாம் காலேஜ் ஸ்டேடியத்துக்கு எப்படி செலவு பண்றாங்க தெரியுமா நாம 42க்கு யோசிக்கறோமேன்னு ஆன்லைன்ல வந்து பேசினாரு. அது பந்தை கையில தூக்கிட்டு ஓடற ஃபுட்பால், இருந்தாலும் அவரு சொன்னதுக்காக வீட்டுக்கு வந்து படிச்சு பாத்தேன். டெக்சாஸ்ல கைல் ஃபீல்டுன்னு ஒரு காலேஜ் ஸ்டேடியம், லட்சம் பேருக்கு மேல உக்காரலாம், புதுப்பிக்க 48.5 கோடி டாலர், 2015ல முடிச்சிருக்காங்க. சரி அவங்ககிட்ட இருக்கு, செய்யறாங்க. ஆனா கலிபோர்னியாவுல பெர்க்லி கதையை அவரு சொல்லல. 1923ல கட்டின ஸ்டேடியம், ஹேவர்டுங்கற நிலநடுக்கப் பிளவு நேரா கிரவுண்டுக்கு அடியிலயே ஓடுது, அதனால பலப்படுத்தியே ஆகணும். 2012ல திறந்தாங்க, செலவு 32 கோடி டாலருக்கு மேல, பக்கத்துல கட்டின பயிற்சி மையத்தையும் சேர்த்தா கடன் 44 கோடி கிட்ட. சீட்டுகளை பல வருஷத்துக்கு சேர்த்து பெரிய தொகைக்கு வித்து கடனை அடைச்சிடலாம்னு கணக்கு, நினைச்ச அளவு விக்கல, கடைசியில 2018ல கடன்ல ஒரு பெரிய பங்கை யுனிவர்சிட்டி தன் பொது கணக்குல ஏத்துக்க வேண்டியதா போச்சு. இத்தனைக்கும் அங்க மேற்பார்வைக்கு ஆளும் ஆடிட்டும் இல்லாம இல்ல. கட்டற வேலையை அளந்தாங்க, வருமானம் வரும்னு எழுதின பக்கத்தை யாரும் கடப்பாரை வெச்சு தோண்டி பாக்கல.

எங்க எஸ்டிமேட்லயும் அந்த பக்கம் இருக்கு. சம்மர் கோச்சிங் கேம்புக்கு கிரவுண்டை வாடகைக்கு விட்டு ஆறு வருஷத்துல பாதி காசை எடுத்துடலாமாம். ஏப்ரல் மே மாசத்துல ஊட்டி கோத்தகிரியில ரூம் வாடகை என்னன்னு தெரியுமா, இ-பாஸ் எடுத்து காட் ரோட்டு டிராஃபிக்ல ஏறி வந்து அந்த வாடகையில நாப்பது பசங்களை தங்க வெச்சு எந்த கோச்சு கேம்ப் போடுவாரு. இது வரைக்கும் ஒரு கேம்ப் வரல.

புல்லு விஷயத்துல கம்பெனி மேல கோபம் இல்ல, வருத்தம்தான். கீழ ஊருக்கெல்லாம் போடற பெர்முடா புல்லையே இங்கயும் கொண்டு வந்து விரிச்சாங்க. விரிச்ச அன்னிக்கு பாக்கணுமே, கண்ணை பறிக்கும். பெர்முடா வெயில் புல்லு, மண்ணு சூடு 10 டிகிரிக்கு கீழ போனா தூங்கிடும், பழுப்பாயிடும். தை மாசம் எங்க பக்கம் விடியக்காலையில உறைபனி விழும், ஏழு மணிக்கு கிரவுண்டு முழுக்க உப்பு தூவினாப்புல வெள்ளையா கெடக்கும், வெயில் வந்து கரைஞ்ச பிறகு பாத்தா புல்லு கருகி இருக்கும். கிக்கூயு போட்டிருக்கலாம், கிழக்கு ஆப்பிரிக்கா மேட்டுநிலத்துல இருந்து வந்தது, நீலகிரியில எப்பவோ வேர் விட்டு நம்ம ஊரு புல்லு ஆயிடுச்சு, ரோட்டோரத்துல கூட கெடக்கும். அதுவும் பனியில மேலாக்க கருகும், ஆனா சீக்கிரம் துளிர்க்கும், காட்டுத்தனமா பரவும், அடிக்கடி வெட்டலைன்னா பந்து ஓடாது, அது ஒரு தொல்லை. பி.டி. சார் இத கேட்டப்ப கிக்கூயு எங்க கேட்லாக்ல இல்ல சார்னு சொன்னாங்களாம். இப்ப ஓரத்துல இருந்து கிக்கூயு தானாவே உள்ள ஏறிட்டு இருக்கு, ரெண்டு வருஷத்துல கிரவுண்டை அதுவே எடுத்துக்கும், 7 லட்சத்துக்கு வாங்கின புல்லை ஓசியில வந்த புல்லு தின்னுடும்.

இதுக்குத்தான் செயற்கை டர்ஃப் போட்டிருக்கணும்னு இப்ப சில பேரு ஆரம்பிச்சிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க. முழு கிரவுண்டுக்கு அது கோடிக்கணக்குல போகும், அதுக்கும் அடியில இதே வடிகால்தான், இதே மாதிரி துணி சுத்தாத பைப்பு போட்டா அதுலயும் தண்ணி நிக்கும். மேல தூவற ரப்பர் துகள் மழையில அடிச்சிட்டு போய் கீழ தேயிலைக்கும் ஓடைக்கும்தான் சேரும். ஐரோப்பாவுல இந்த துகளை மைக்ரோபிளாஸ்டிக்னு சேர்த்து 2023ல சட்டம் போட்டு 2031க்கு பிறகு விக்கக்கூடாதுன்னு டைம் குடுத்திருக்காங்க. பிளாஸ்டிக் பாட்டிலையே தடை பண்ணின மாவட்டத்துல போய் அதை டன் கணக்குல கொட்டணுமா.

வேலியை விட்டுட்டேனே. முதல் எஸ்டிமேட்ல சுத்து வேலி இருந்துச்சு, காசு குறைக்கணும்னு எடுத்துட்டாங்க, இது கமிட்டி செஞ்சது, கம்பெனி வேண்டாம்னு சொல்லல ஆனா வேணும்னு அழுத்தியும் சொல்லல. புல்லு விரிச்ச பத்து நாளைக்குள்ள காட்டெருமை கூட்டம் இறங்குச்சு. தண்ணி பாய்ச்சி ஊறிக் கெடக்கற புது புல்லுல முழு வளர்ச்சி எருமை நடந்தா ஒவ்வொரு குளம்புக்கும் ஒரு கிண்ணம் அளவு குழி. அதுல கால் மாட்டினா பையன் முட்டி போயிடும். அப்புறம் காட்டுப்பன்னி வந்து புழுவுக்காக ஒரு மூலையை உழுதுட்டு போச்சு. கீழ இருந்து வர கம்பெனிகளுக்கு மாடு ஆடு தெரியும், இதுங்க கணக்குல வராது, நீங்கதான் சொல்லணும்.

நல்லதையும் சொல்லணும், ஏன்னா நாலு ஸ்டார் சும்மா குடுக்கல. கேலரி வேலை அருமை. பழைய கல்லுப்படியை உடைக்காம, சந்துல இருந்த சுண்ணாம்பை சுரண்டி எடுத்து மறுபடி பூசி, காத்துல பறந்த ஷீட்டுக்கு பதிலா புதுசு போட்டு, ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஜே போல்ட் கூட எண்ணி அடிச்சிருக்காங்க. ஆடி காத்துக்கு ஒரு ஷீட் கூட ஆடல. தரை மட்டமும் நல்லா எடுத்திருக்காங்க, நடுவுல இருந்து ரெண்டு டச்லைனுக்கும் மெல்லிசா சரிவு, ஆட்டோ லெவல் வெச்சு நாள் முழுக்க நின்னு பாத்த அந்த சர்வேயர் தம்பிக்கு கை குடுக்கணும். கோல்போஸ்ட் குறுக்கு கம்பி நடுவுல தொங்கி 2.44க்கு ரெண்டு விரக்கடை கம்மியா இருந்துச்சு, சொன்ன மறுவாரமே கழட்டிட்டு போய் வேற போட்டாங்க, மூஞ்சி சுளிக்கல. வேலை செஞ்ச பசங்க, ஒடிசா தம்பிங்களும் நம்ம சேலம் பக்கத்து ஆளுங்களும், அந்த குளிர்ல தகர ஷெட்டுல படுத்துக்கிட்டு சாயங்காலம் எங்க பசங்களோட சேர்ந்து ஆடினாங்க. அவங்க மேல ஒரு குறையும் கிடையாது. மண்ணுக்குள்ள எவ்வளவு போடணும்னு முடிவு பண்றது அவங்க இல்ல.

அதான் எனக்கு புரிஞ்ச வரைக்கும் இந்த கம்பெனி. யாராவது பாக்கற வேலையை பிரமாதமா செய்யும். யாரும் பாக்காத வேலையில கை வைக்கும். அப்ப நீங்க கூப்பிடறதா இருந்தா கூப்பிடுங்க, வேற கம்பெனி இதை விட யோக்கியமா இருக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்ல, ஆனா பள்ளத்தை மூடறதுக்கு முன்னாடி உங்க ஆளு டேப்போட நிக்கணும்னு அக்ரிமெண்ட்ல எழுதிடுங்க, அவரு கையெழுத்து போடாம அடுத்த செக் இல்லன்னு எழுதிடுங்க, லாரி லோடு கேட்டுல எண்ணி டிரைவர் கையெழுத்தோட ஏத்தணும்னு எழுதிடுங்க. ஒரு கம்பெனிக்காரரும் இதுக்கு மாட்டேன்னு சொல்ல முடியாது, மாட்டேன்னா அப்பவே விஷயம் தெரிஞ்சு போச்சு. நிறுத்தி வைக்கற பணம் 5 சதவீதம் பத்தாது, எங்களுக்கு அது ரெண்டரை லட்சம்தான், குறைஞ்ச மணல் 7 லட்சம், அவங்க அந்த ரெண்டரையை விட்டுட்டு போனாலும் லாபம்தான். 10 சதவீதம் கேளுங்க. ரெண்டு மழைக்காலம் தாண்டற வரைக்கும் குடுக்காதீங்க.

இப்ப நிலவரம் என்னன்னா, நோட்டு காப்பியும் குழி போட்டோவும் ஸ்கேல் வெச்சு எடுத்தது எல்லாத்தையும் சேர்த்து காலேஜ் லெட்டர்பேட்ல கடிதம் போயிருக்கு. முதல் பதில்ல அமுங்குதல்னு அதே பாட்டு. ரெண்டாவது பதில்ல "நல்லெண்ண அடிப்படையில்" 30 லோடு மணலும் வடக்கு பக்க கிளை பைப்பை எடுத்து துணி சுத்தி மறுபடி போடறதும் செஞ்சு தரோம், சீசன் முடிஞ்சு லாரி விட்டதும் ஆரம்பிக்கறோம்னு எழுதியிருக்காங்க. நல்லெண்ணமாம். பரவால்ல, எண்ணம் என்னவா இருந்தாலும் லோடு வந்தா சரி. இந்த தடவை அந்த ரிட்டயர்டு இன்ஜினியரை பேசி வெச்சிருக்கோம், ஜெர்ஸியை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு பிரின்சிபாலே சொல்லிட்டாரு. வாட்ச்மேன் அண்ணனுக்கு காலேஜ் செலவுல புது லெட்ஜர் நோட்டு, கட்டம் போட்டது, வாங்கி குடுத்தாச்சு. 30 லோடும் வந்து, அவுட்லெட்ல தண்ணி ஒழுங்கா விழுந்தா மண்ணுக்குள்ள போன வேலைக்கு குடுத்த ஒரு ஸ்டாரை மூணா மாத்தறேன், அதுக்கு மேல கிடையாது.